மூன்றாம் பெயர்

“என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ.”

வாயில் வந்தது தமிழ். மிஸ் ஹோல்டனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும், கையிலிருந்த பூதக்கண்ணாடியை அவர் மெல்ல மேசையில் வைத்த விதத்தைப் பார்த்தால் கேட்டது விளங்கிவிட்டது போலத்தான் இருந்தது. சயந்தினி அதையே ஆங்கிலத்தில் இன்னொரு தரம் கேட்டாள். பிளீஸ் போட மனம் வரவில்லை.

இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் சந்திரமதி சின்னம்மா அவளை இந்த வீட்டில் வேலைக்குக் கொண்டுவந்து விட்டார். இத்தாலியில், பலெர்மோவில் கனகாலமாக வீடுகள் துடைத்து, பெயர் கெடாமல் இருக்கிறவர். “பாஸ்போட்டை மட்டும் திருப்பிக் கேட்டிடாதை, பிள்ளை. கேட்டியெண்டால், வீட்டிலை என்ன காணாமல் போச்சுதெண்டுதான் முதலிலை தேடுவினம். பிறகு எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் அந்தத் தெருவிலை வேலையில்லை.” வீட்டுக்கார சிஞ்ஞோராக்கள் வாங்கி வைத்திருப்பார்கள், வைத்திருக்கட்டும், அது அவர்களுக்கு ஒரு நிம்மதி என்றும் சொன்னார். அவர்களுடைய நிம்மதிக்கு என்னுடைய படம் எதற்கு என்று சயந்தினி திருப்பிக் கேட்டாள். படிச்ச வாய் என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்க விடும் அனுமதி, வந்துவிட்டது. பாஸ்போட்டோடு வந்து எடுத்துக்கொண்டு போ என்று குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து அறிவித்திருந்தார்கள். இந்தக் கிழமை போகாவிட்டால் அவளுடைய கோவை மற்றக் கோவைகளுக்கு அடியில் போய்விடும். அடியில் போன கோவை மேலே வந்ததாக பலெர்மோத் தமிழர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அவள் கேட்டது பெர்மெசோவுக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டுக்குள் தன் பெயரும் முகமும் இன்னும் ஓர் இரவு கிடக்கக்கூடாது. அதுதான் காரணம்.

மிஸ் ஹோல்டன் கேட்டார், எங்கேயும் போகிறாயா என்று. ஓம் என்றாள் சயந்தினி.

அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியின் விளிம்பில், ஒரு காலத்தில் மாளிகையாக இருந்து இப்போது சுவர் வெடித்துக் கிடக்கும் கட்டடம் அது. வெடிப்புகளில் கப்பர்ச் செடி தொங்கும். அதன் மேல்மாடியில் மிஸ் ஹோல்டன் தனியாக இருந்தார். எலுமிச்சம்பழ வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயரின் பேத்தி. கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள், மருமக்கள் என்று சொல்ல ஒரு பூனையும் இல்லை. அந்தக் குடும்பத்தில் கடைசி ஆள் தான்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, முதல் ஆள் யார் என்று தேடத் தொடங்கியிருந்தார்.

இங்கிலாந்திலிருந்து, சஃபோக் பக்கத்துக் கோயில் பதிவுகளின் நகல்கள் தடித்த உறைகளில் வரும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், உயில். பழைய எழுத்து, புழு நெளிந்தது போலிருக்கும். மிஸ் ஹோல்டனுக்குக் கண் மங்கிவிட்டது. வீடு துடைக்க வந்த பெண் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவள் என்று தெரிந்ததும் தும்புத்தடியை வாங்கி மூலையில் வைத்தார். அன்றிலிருந்து காலையில் துடைப்பு, மத்தியானத்துக்குப் பிறகு வாசிப்பு. சம்பளம் என்னவோ துடைப்புக்கு மட்டுந்தான்.

வாசிப்புக்கு ஒரு முறை இருந்தது. சயந்தினி பெயரை உரக்கச் சொல்லவேண்டும். மிஸ் ஹோல்டன் அதைத் திருப்பிச் சொல்லுவார். பிறகு அந்தப் பெயரை ஒரு மட்டையில் எழுதி, சாப்பாட்டு அறையின் நீண்ட மேசையில், ஒரு கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவேண்டும். தகப்பனுக்குப் பக்கத்தில் மகன். மகனுக்குப் பக்கத்தில் பேரன். அந்த மேசையில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. மிஸ் ஹோல்டன் சமையலறையில் நின்றபடி பாணைக் கடித்துக்கொள்வார்.

“யோமன்,” என்று பெருமையோடு விளக்கியிருந்தார் அவர். பிரபுவும் இல்லை, வேலைக்காரனும் இல்லை. தன்னுடைய நிலத்தைத் தானே உழுகிறவன். ஒருத்தருக்கும் குனியாதவன்.

எங்கடை கமக்காரர் மாதிரி என்று சயந்தினி மனதுக்குள் போட்டுக்கொண்டாள். போட்ட கையோடு பல்லைக் கடித்தாள். அவளுடைய அப்பா கமக்காரரின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவர். அப்பா மாதிரி ஆட்களுக்குப் பின்வளவில் சிரட்டையில் தேத்தண்ணி. அப்பாவின் வீட்டில் முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியதும் பட்டம் எடுத்ததும் அவள்தான். ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்துவைத்த தோம்புகளைப் பற்றிப் படித்தபோது, எங்கள் ஆட்கள் அதில் எந்தப் பக்கத்தில் இருப்பார்கள் என்று விரிவுரையாளரைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, காணிக்காரரின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாக இருப்பார்கள் என்றார். வகுப்பும் சிரித்தது.

இங்கேயோ, நானூறு வருடத்துக்கு முதல் செத்த ஒருவன் எந்த மகனுக்கு எந்தக் கட்டிலைக் கொடுத்தான் என்பது வரைக்கும் இருந்தது. அந்த வரிசையில் ஆகப் பழையவன் தோமஸ் ஹோல்டன், யோமன். மேசையின் தலைமாட்டில் அவனுடைய மட்டை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவன் பெயரைச் சொல்லவேண்டியிருந்ததோ, படுக்கப் போகும்போதும் நாக்கில் அதுவே நின்றது.

பிழை ஆடி அமாவாசையில் நடந்தது.

அவளுடைய அப்பா முந்திய வருடம், சண்டையில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கைதடியில், மழைக்குள், தெருவோரத்தில் செத்துப்போனார். யாரோ எரித்தார்கள். செய்தி இத்தாலிக்கு வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கும் முடிந்து, அந்தியேட்டியும் முடிந்திருக்கவேண்டிய காலம். ஒன்றும் நடக்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு, அந்த மனிசனுக்கு ஒருவாய் சோறு வைக்க ஆளில்லையே என்று சின்னம்மா ரெலிபோனில் அழுதார். பொம்பிளைப் பிள்ளை வைத்தால் அவருக்கு இறங்காதோ என்று கேட்டுவிட்டு சயந்தினி போனை வைத்தாள். அவளுக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்ட வாய்க்குச் செய்துதான் காட்டவேண்டியிருந்தது.

அந்த அமாவாசை ஃபெர்ராகொஸ்தோ விடுமுறைக்கு முதல் நாள் வந்தது. நகரம் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போயிருந்தது. மிஸ் ஹோல்டனையும் பழைய சினேகிதி ஒருத்தி மொண்டெல்லோவுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சயந்தினி முழுகிவிட்டு வந்து அந்த வீட்டு அடுப்பிலேயே சமைத்தாள். பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி. ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் படைப்பதில்லை. அதற்கு பலெர்மோவில் எங்கே போவது? பல்லரோச் சந்தையில் உப்புக்குள் போட்டு விற்கும் கப்பர்க் காய் காம்பும் தோலுமாக அச்சு அசல் அதைப்போலவே இருந்தது. வாங்கி ஊறவைத்து, புளி விட்டுக் காய்ச்சினாள். உப்பு முழுதும் இறங்கவில்லை.

சமையலறைப் பல்கனியில் சோற்றுக் கோப்பையை வைத்து, மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடவேண்டும். அப்பா, குணரத்தினம். விட்டாள். அப்பப்பா, சின்னவன். அது பெயரா, கமக்காரர் கூப்பிட்ட கூப்பாடா, அதுவும் தெரியாது. விட்டாள். மூன்றாவது பெயர் அவளிடம் இல்லை. அப்பாவுக்கே தெரிந்திருக்காது. உலகத்தில் எந்தக் கடதாசியிலும் அது இல்லை.

கையில் தண்ணீர் ஏந்தியபடி நின்றவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு கோணல் சிரிப்பு வந்தது. திறந்திருந்த கதவால் சாப்பாட்டு அறையைப் பார்த்து, “உன்னட்டைப் பேர் கனக்கக் கிடக்குதானே, ஒண்டை இரவல் தா,” என்றாள். மூன்றாவது தண்ணீரை, “தோமஸ் ஹோல்டன், யோமன்,” என்று சொல்லி விட்டாள்.

வெறும் பகிடி. கேட்க ஒருத்தரும் இல்லாத வீட்டில், ஒரு கோபக்காரி விட்ட பகிடி.

காகம் வரவில்லை. புறாக்கூட வரவில்லை. அவள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது கோப்பை வெறுமையாக இருந்தது. சிந்தல் இல்லை, ஒரு பருக்கை இல்லை. பாண் துண்டால் துடைத்தெடுத்தது போல வழித்திருந்தது. கப்பர்க் காயின் காம்புகள் மட்டும் கோப்பையின் விளிம்பில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒரே திசை பார்த்து, அடுக்கியிருந்தன. பூனை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். பூனை காம்பு அடுக்குமா?

பல்கனியிலிருந்து சாப்பாட்டு அறை வரைக்கும் தரையில் மண் கிடந்தது. கறுப்புக் களிமண், ஈரமாக, வைக்கோல் துணுக்குகளோடு. பலெர்மோவில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அவள் கூட்டி அள்ளிக் கழிவு வாளிக்குள் போட்டாள். அள்ளும்போது கை விறைத்தது. அப்பாவுக்கு என்று வைத்த சோற்றை அப்பா சாப்பிடவில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயத்தைவிட அதுதான் முதலில் நெஞ்சில் குத்தியது.

அதற்குப் பிறகு வீடு மாறியது. ஒரு நாளும் சத்தம் கித்தம் இல்லை. காலையில் அவள் வரும்போது சாப்பாட்டு அறைக் கதிரைகள் மேசையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுபட்டு நிற்கும், ஆட்கள் வசதியாக உட்கார்ந்திருக்கிற அளவுக்கு. அவள் உள்ளே தள்ளி வைப்பாள். துடைப்பை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால் பழையபடி நிற்கும். ஈரக் கம்பளி மணம் ஒன்று வந்து, அவள் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறைக்கு வந்தது. வாசிப்பதும் மாறியது. புழு எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவள், தாளைப் புரட்டுமுன் அடுத்த பெயரைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு நாள் உயில் ஒன்றில் ஒரு வயலின் எல்லையை வாசித்தபோது, அந்த வயலின் மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அங்கே காளையை விடக்கூடாது என்று அவள் மனதுக்குள் வந்தது. அது தாளில் இருக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

கிளறாவிடம் மட்டும் சொன்னாள். மன்னார்ப் பெண், மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவள். கிளறா சிரிக்கவில்லை. “அவையளை நீயெல்லோ கூப்பிட்டுச் சோறு போட்டனி. உனக்கு அவையள் இப்ப சொந்தம்,” என்றாள். பிறகு, தன்னுடைய கடையில் குளிர்காலத்துக்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது, அங்கே பாஸ்போட்டை வாங்கி வைப்பதில்லை, படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றாள். சயந்தினி யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. நேற்று, வாசிப்புக்கு நடுவில், மிஸ் ஹோல்டன் தலையைச் சரித்து, பக்கத்தில் யாரோ காதுக்குள் சொல்வதைக் கேட்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, அலுவல் சொல்வது போலச் சொன்னார்.

“அந்தப் பச்சைக் காயில் உப்பு அதிகம் என்கிறார் தோமஸ். மற்றதெல்லாம் நன்றாக இருந்ததாம்.”

படையலன்றைக்கு அவர் மொண்டெல்லோவில் இருந்தார். அதைப் பற்றி இந்த வீட்டில் சயந்தினி வாய் திறந்ததில்லை. மிஸ் ஹோல்டன் அவளுடைய முழங்கையில் தட்டினார். கடைசி ஆள் நான்தான் என்று இத்தனை வருடம் அழுதுகொண்டிருந்தேன், எவ்வளவு மடைச்சி என்றார். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, சந்தோஷந்தான் இருந்தது. சயந்தினிக்கு அதுதான் ஆகவும் பயமாக இருந்தது. மாலையில் மேசையைத் துடைக்கப் போனபோது, வரிசையின் கால்மாட்டில், மிஸ் ஹோல்டனின் மட்டைக்கும் அடுத்ததாக, புதிய மட்டை ஒன்று இருந்தது. பாஸ்போட்டைப் பார்த்து எழுதியது. அப்பாவின் பெயர் முதலில், அவளுடைய பெயர் பிறகு, ஓர் எழுத்தும் பிசகாமல்.

இரவே தன்னுடைய அறைக்குப் போய் உடுப்புகளைக் கட்டினாள். இன்று காலை பை கிளறாவின் அறைக்குப் போய்விட்டது. பாஸ்போட் கிடைத்தாலும் போவது, கிடைக்காவிட்டாலும் போவது. தொலைந்துவிட்டது என்று பொலிசில் எழுதிக் கொடுத்து, ரோமில் தூதரகத்தில் புதிதாக எடுக்க எவ்வளவு காலம் போனாலும் போகட்டும். பெர்மெசோ தவறினாலும் தவறட்டும். சின்னம்மா இனி முகத்தில் முழிக்கமாட்டார். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கேட்காமல் போனால் களவாக ஓடியது போலாகும், அதனால் கேட்டாள்.

“இங்கே உனக்கு என்ன குறை?” என்று மிஸ் ஹோல்டன் கேட்டார்.

“என்ரை பாஸ்போட்,” என்றாள் சயந்தினி, மூன்றாவது தரமாக.

மிஸ் ஹோல்டன் பெருமூச்சு விட்டார். மறுக்கவில்லை. அது எடுத்து வைத்தாயிற்று, சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்றார். இவ்வளவு லேசா என்று நினைத்தபடி அவள் கதவைத் தள்ளினாள்.

யன்னல்கள் சாத்தியிருந்தன. மத்தியானத்து வெயில் பலகைக் கீறல்களால் வந்து மேசையில் கோடு கோடாக விழுந்திருந்தது. கதிரைகள் எல்லாம் பின்னுக்கு இழுபட்டிருந்தன. கால்மாட்டுக் கதிரை மட்டும் விலகி, திரும்பி, அவளைப் பார்த்து நின்றது. அதற்கு முன்னால் மண்ணிறக் கோப்பை ஒன்று. அதற்குள் தடித்த கஞ்சி, பக்கத்தில் கறுத்த பாண். கஞ்சியில் ஆவி பறந்தது. ஆனால் குனிந்தபோது முகத்தில் பட்டது குளிர். கோப்பைக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாஸ்போட்.

அந்தக் கோப்பை இந்த வீட்டுக் கோப்பை இல்லை. கழுவிக் கழுவி ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும்.

“ஒருவாய் சாப்பிட்டுவிட்டு எடு,” என்றது வாசலில் மிஸ் ஹோல்டனின் குரல். “அன்றைக்கு நீ வைத்தாய். இன்றைக்கு அவர்கள் உனக்கு வைத்திருக்கிறார்கள்.”

படையல் யாருக்கு வைப்பது என்று சயந்தினிக்குத் தெரியும். உயிரோடு இருப்பவருக்கு ஒருத்தரும் படைப்பதில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, அந்த வெட்கங்கெட்ட வயிறு, கஞ்சியின் மணத்துக்கு இரைந்தது. உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்து அதன் இடத்துக்குத் திருப்பிவிட்டு, மேசையின் தலைமாட்டைப் பார்த்து, தமிழில், சின்னம்மாவோடு சண்டை பிடிக்கிற அதே குரலில் பேசினாள்.

“அண்டைக்கு உங்களைக் கூப்பிட்டது பகிடிக்கு. பகிடியெண்டாலும் பிழை என்னிலைதான். சாப்பிட்டது சாப்பிட்டதாப் போகட்டும், அதை நான் திருப்பிக் கேக்கேல்லை. ஆனால் அது என்ரை அப்பாவுக்கு வைச்ச சோறு. நீங்கள் இருந்த இடம் என்ரை அப்பாவின்ரை அப்பப்பா இருக்கவேண்டிய இடம். அந்த மனிசனுக்குப் பேர் இல்லை. இல்லாட்டிலும் பரவாயில்லை. அந்த இடம் வெறுமையாவே இருக்கட்டும். எழும்புங்கோ.”

ஒன்றும் நடக்கவில்லை. ஈரக் கம்பளி மணம் மட்டும் கூடியது, நிறையப் பேர் நெருக்கமாக நிற்கிற அறையைப் போல. கோப்பையில் முட்டாமல் எட்டிப் பாஸ்போட்டைப் பிடித்தாள். அது வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். வன்மமான பிடி இல்லை. வந்த விருந்தாளியின் கையை, கொஞ்சம் இருந்துவிட்டுப் போவன் என்று வயோதிபர்கள் பிடிக்கிற பிடி. அவள் இழுத்தாள். பிடி மெல்ல, விரல் விரலாக, விட்டது. பாஸ்போட்டோடு தன்னுடைய மட்டையையும் எடுத்தாள். மட்டையில் களிமண் ஈரம் ஊறியிருந்தது. கிழித்துச் சட்டைப் பையில் போட்டாள்.

மிஸ் ஹோல்டன் வாசலை மறிக்கவில்லை. சுவரோடு ஒதுங்கி நின்றார். முகம் ஒரே நாளில் சுருங்கியது போலிருந்தது. சயந்தினிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை அவள் நம்பவில்லை.

“வழக்கமாகப் போகும்போது ஒன்று சொல்லுவாயே,” என்றார் மிஸ் ஹோல்டன். “அதைச் சொல்லிவிட்டுப் போ. அவர்களுக்கு அது பிடிக்கும்.” பிறகு அவரே அதைச் சொல்லிக் காட்டினார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வாயால், யாழ்ப்பாணத்துக் கிழவியின் இழுவையோடு, பிசகில்லாமல்: “போட்டு வாறன்.”

அறைக்குள் கதிரைகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. சாப்பாடு முடிந்து ஆட்கள் எழும்புகிற சத்தம். எழும்புவது போவதற்கா, வருவதற்கா? சயந்தினி நின்று பார்க்கவில்லை.

ஒவ்வொரு நாளும், படி இறங்குமுன், பழக்கத்தில் அவள் அதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். வெறும் கூடத்துக்கு, கதவுக்கு, ஒருத்தரும் இல்லை என்று நினைத்த வீட்டுக்கு. வாறன், வாறன் என்று எத்தனை தரம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஓர் இடத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் அதைச் சொல்வதில்லை. செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது சொல்லிக்கொள்வதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை, முழுகாமல் வீட்டுப் படி ஏறுவதில்லை.

மொண்டெல்லோவில் கடல் இருக்கிறது. கிளறா பஸ் நிறுத்தத்தில் நிற்பாள்.

“நாளைக்கு வருவாய்தானே?” என்று முதுகுக்குப் பின்னால் மிஸ் ஹோல்டன் கேட்டார். அவருடைய குரலுக்குப் பின்னால் வேறு குரல்களும் அதையே கேட்டது போலிருந்தது.

சயந்தினி வாயைத் திறக்கவில்லை. பாஸ்போட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல், சொல்லிக்கொள்ளாமல், படியில் இறங்கினாள்.